வில்லிசையில் குடத்தின் பணி



சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "வில்லுப்பாட்டிலே குடம் அடிப்பவருக்கு என்னதான் வேலை? இரவு முழுவதும் ஒரே தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு அலுப்பாக இராதா?" என்பது அக்கேள்வி. கூட்டத்தில் பலரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆயினும் விடை கூற எழுந்தபோது இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எனக்கு ஓடவில்லை. எட்டு ஆண்டுகளாகக் குடம் அடித்துவருகிறவன் நான்! அன்று பட்ட நாணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அன்று மேடையில் சொல்லத் தவறியதை இங்கே எழுத்தில் சொல்லப் பார்க்கிறேன்.

என் ஊர் பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூர். கிழக்கே சிறிது தொலைவு நடந்தால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. மேற்கே பேருந்து ஏறினால் நெய்யாற்றின்கரை, அது கேரளம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் சேரவில்லை. ஆகவே எங்கள் வீடு ஒரு மாநிலம், என் அத்தை வீடு மற்றொரு மாநிலம். ஆனால் கோயில் கொடை என்று வந்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வில்தான். எங்கள் குழுவில் அண்ணாவி அந்தப் பக்கம், உடுக்கைக்காரர் அந்தப் பக்கம், குடமும் சாலராவும் இந்தப் பக்கம். இதையே மலையாளத்தில் 'வில்லடிச்சான் பாட்டு' என்பர். இங்கு வழங்கும் கதைப்பாட்டுகளை மலையாள அறிஞர்கள் 'தெக்கன் பாட்டுகள்' என்று பெயரிட்டு ஆராய்ந்திருக்கின்றனர். அவற்றின் மொழியைத் தமிழ் என்பதா மலையாளம் என்பதா என்று அவர்களுக்குள்ளேயே ஓயாத வழக்கு உண்டு. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை.

முதலில் கருவிகளைக் கூறிவிடுகிறேன். வில்லுப்பாட்டை மேடையிலோ தொலைக்காட்சியிலோ கண்டவர்களுக்கும் அவற்றின் அமைப்பு நன்கு தெரிந்திராது. பனையின் வைரம் பாய்ந்த பகுதியிலோ மூங்கிலிலோ வளைத்துச் செய்த பெரிய வில்; அதற்குத் தோல்வாரால் நாண். வில்லின் நெடுகிலும் மணிகள் தொங்கும். தலைமைப் பாடகரை எங்கள் பக்கத்தில் அண்ணாவி என்றும் புலவர் என்றும் அழைப்பர். அவர் இரு கைகளிலும் வீசுகோல் பிடித்து நாணை அடிக்கிறார். அடிக்குந்தோறும் மணிகள் குலுங்குகின்றன. வில்லின் நடுப்பகுதியை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குடம் வைக்கோற் பிரிமணைமேல் அமர்ந்திருக்கும். இவற்றுக்கு உடுக்கை, சாலரா, மரக்கட்டை ஆகியவை துணை. பாடுவோருள் அண்ணாவிக்கு வலப்புறம் இருப்போர் வலத்தே பாடுவோர். இடப்புறம் இருப்போர் இடத்தே பாடுவோர்.

குடமடிப்பவர் ஒரு கையில் கமுகம்பாளையில் வெட்டிய மட்டையைப் பிடித்துக் குடத்தின் வாயில் அடிப்பார். மற்றைக் கையால் குடத்தின் கழுத்தையும் வயிற்றையும் தட்டுவார். வாயில் அடித்தால் 'தொம்' என்று ஆழ்ந்த ஒலி எழும். வயிற்றில் தட்டினால் 'தக்' என்று வறண்ட ஒலி எழும். அவ்வளவுதான் அவருடைய செல்வம்; இரண்டே சொற்கள்.

'தொம்' என்னும் ஒலி எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து வருகிறது என்றே நான் பல காலம் எண்ணியிருந்தேன். அஃது உண்மையன்று. அது குடத்துள் அடைபட்ட காற்றின் ஒலி. மட்டை வாயில் மோதும்போது குடத்தின் கழுத்திலுள்ள காற்று உள்ளே தள்ளப்படுகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருள்வில்லைப்போல் அதைத் திருப்பித் தள்ளுகிறது. இந்த ஊசலாட்டமே நம் காதுக்குத் 'தொம்' ஆகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற செர்மானிய அறிஞர் (1821-1894) இத்தகைய குழிவுக் கலங்களின் ஒலியை ஆராய்ந்தார். இயற்பியல் மாணவர்கள் அவர் பெயரை அறிவர். வயிறு பெருத்தால் ஒலி தாழும். வாய் அகன்றால் ஒலி உயரும். மட்டையை அடித்தவுடன் எடுக்காமல் வாயின்மேல் சற்றே சாய்த்து வைத்தால் வாய் குறுகி ஒலி தாழ்கிறது. என் மாமா இதனை ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் கற்கவில்லை. ஆனால் மட்டையை எடுப்பதா வைப்பதா என்பதில் அவர் ஒருநாளும் பிழை செய்ததில்லை.

இன்னொன்றும் நோக்குக. வில் குடத்தோடு கட்டப்பட்டிருப்பதால், அண்ணாவி நாணில் அடிக்கும் அடியும் குடத்துள் இறங்கி முழங்குகிறது. குடம் தானும் ஒலிக்கிறது. பிறர் ஒலியையும் ஏந்திக்கொள்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பாடத்திற்கு வருவோம். எங்கள் குழுவில் நான் முதன்முதல் கற்ற தட்டு எட்டு எண்ணிக்கை உடையது. மேசைமேல் கை வைத்து நீங்களும் தட்டிப் பார்க்கலாம். ஒன்று, தொம். இரண்டு, சும்மா. மூன்று, தக். நான்கு, சும்மா. ஐந்து, தொம். ஆறு, தொம். ஏழு, தக். எட்டு, சும்மா. எட்டு எண்ணிக்கையில் ஐந்து அடி, மூன்று வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் வீசுகோலும் மணியும் மட்டும் ஒலிக்கும். இதை நான்கு முறை பிழையின்றித் தட்டுவது எளிது. நாற்பது முறை தட்டினால் உங்கள் கை உங்களை அறியாமலே விரைந்து ஓடத் தொடங்கும். நானூறு முறை தட்டினால் அலுப்பு வரும். அலுப்பு வந்தவுடன் அந்த இரண்டாம் இடத்தையும் நான்காம் இடத்தையும் எதையாவது கொண்டு நிரப்பக் கை துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவதுதான் குடத்தின் கல்வி. மற்றவை எல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

என் மாமா ஆறு திங்கள் எனக்கு இந்த ஒரு தட்டைத்தான் சொல்லிக்கொடுத்தார். "மாமா, வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். "இதுக்க உள்ளதான் வேற எல்லாம் கெடக்கு" என்றார். அன்று அது எனக்கு ஏமாற்று வித்தைபோலத் தோன்றியது என்பதை மறைப்பானேன்?

கொடை இரவில் வில்லுப்பாட்டு எப்படி நடக்கிறது என்று காணாதவர்க்கு ஒரு சொல். முதலில் காப்பு, பின்னர்க் குருவடி வணக்கம், அவை வணக்கம், அதன்பின் நாட்டுவளம், அப்புறமே கதை. இறுதியில் வாழ்த்து. கதை மணிக்கணக்கில் ஓடும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கன்னியாகுமரிப் பகுதியில் தங்கி ஆராய்ந்து, 1988இல் வில்லுப்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தெய்வப் பிறப்பைப் பாடும் கதைகள் என்றும், மனிதராய் இருந்து கொலையுண்டு தெய்வமானோரைப் பாடும் கதைகள் என்றும் அவர் இருவகைப்படுத்துகிறார். கதை மரணத்தை நெருங்க நெருங்கப் பாட்டின் வேகமும் அழுத்தமும் ஏறுவதையும், அவ்வேளையில் தெய்வம் இறங்கி ஆடுவதையும் அவர் விரித்துரைக்கிறார். அவ்வாறு ஆடுவோரை எங்கள் ஊரில் கோமரத்தாடி என்பர். எங்கள் ஊர்ப் பாட்டிமார் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்; ஆயினும் அச்சில் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பங்கு உண்டு. உடுக்கை உறுமும்; இடைக் கயிற்றை நெருக்கினால் அதன் குரல் ஏறும், தளர்த்தினால் இறங்கும். அண்ணாவி வீசுகோலைச் சுழற்றி மேலே எறிந்து பிடிப்பதும் உண்டு. இடத்தே பாடுவோர் 'ஆமா' போட்டுக் கதையைத் தூக்கிக் கொடுப்பர். இத்தனை பேரும் அசைகிறபோது அசையாமல் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? கப்பலில் எல்லோரும் ஒரு பக்கம் ஓடினால் என்ன ஆகும்? ஒருமுறை விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் அண்ணாவிக்கு இருமல் வந்துவிட்டது. பாட்டு நின்றது. ஆனால் என் மாமாவின் 'தொம், தக், தொம் தொம், தக்' நிற்கவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணாவி வெந்நீர் குடித்து, தொண்டையைச் செருமி, விட்ட அடியில் வந்து ஏறிக்கொண்டார். கீழே அமர்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அதனைக் கவனிக்கவே இல்லை.

இப்பொழுது என் பிழையைச் சொல்ல வேண்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டு, நான் முதன்முதலாக ஓர் இரவு முழுவதும் குடத்தின்முன் அமர்ந்தேன். அன்று பாடியது தம்பிமார் கதை. கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகிறேன். திருவிதாங்கூரை 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மருக்கு அரசுரிமையில் பகைவராய் இருந்தவர்கள் முன்னைய மன்னரின் மக்களான தம்பிமார் இருவர். அவர்கள் கொல்லப்பட்டனர். தங்கை துயரம் தாளாமல் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். கொலையுண்டவர்கள் தெய்வமாகி எங்கள் பக்கத்தில் வழிபடப்படுகிறார்கள். நெய்யாற்றின்கரைக் கிருட்டிணன் கோயிலுக்குச் சென்றால், மார்த்தாண்டவர்மர் பகைவர்க்கு அஞ்சி ஒளிந்திருந்த பலாமரத்தின் பொந்தை 'அம்மச்சிப் பிலாவு' என்று காட்டுவார்கள். அந்த மரத்தைக் கும்பிட்டுவிட்டு வந்து, அதே மன்னரால் மாண்டவர்களுக்காக இரவெல்லாம் கண்ணீர் விடும் மக்கள் எங்கள் ஊர் மக்கள். இதில் முரண் ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

அன்று தங்கை அழும் கட்டம் வந்தது. அண்ணாவி குரலைத் தாழ்த்தினார். உடுக்கை அடங்கியது. எனக்கோ அந்த ஆண்டுதான் கைப்பேசியில் மேல்நாட்டு முரசுக்காரர்களின் காணொளிகளைப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. வெற்றிடம் வாய்த்ததும் என் கை என்னைக் கேளாமல் ஓடிற்று. இரண்டாம் இடத்தில் ஒரு தட்டு, நான்கில் இரண்டு, எட்டில் ஓர் உருட்டு! இளைஞர் சிலர் கை தட்டினர். நான் மேலும் அடித்தேன். அண்ணாவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அடியை இரண்டாம் முறை பாடினார். பிறகு மூன்றாம் முறை பாடினார். வழக்கமாக அந்த இடத்தில் முந்தானையால் கண் துடைக்கும் முதிய பெண்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்ணும் நனையவில்லை. கோமரத்தாடி எழுந்து நின்று, நெடுநேரம் நின்று, பிறகு அமர்ந்துவிட்டார்.

இடைவேளையில் கட்டன்சாயா வந்தது. அண்ணாவி என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கோபம் இல்லை.

"மக்களே, நீ கொடத்த அடிக்குதியா, கதைய அடிக்குதியா?"

"கொடத்தத்தான் அண்ணாவி."

"இல்ல. அந்தப் பிள்ள செத்துட்டு இருக்கா. ஒனக்க கை கல்யாணத்துக்குப் போகுது."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சிய இரவு முழுவதும் நான் எட்டுக்கு ஐந்து என்ற கணக்கை மீறவில்லை. ஆனால் அந்தக் கட்டம் போனது போனதுதான். ஆண்டுக்கு ஒரு முறை வருவது அது.

பிறகு இங்கே பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார வகுப்பில் அமர்ந்திருந்தபோது ஓரிடத்தில் எனக்குச் சுருக்கென்றது. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம் கூறுகிறார். மற்றைக் கருவிகளில் குறையும் இடத்தை அவன் நிரப்ப வேண்டும். மிகும் இடத்தை அடக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யும்போது தான் மிஞ்சித் தோன்றாதிருக்க வேண்டும். இதுவே அவ்விடத்துக் கருத்து. நிரப்புவதும் அடக்குவதும் பலருக்குக் கைவரலாம். மிஞ்சாமல் செய்வதுதான் அரிது. நாங்கள் தேர்வுக்காக அந்தப் பகுதியை மனப்பாடம் செய்தோம். ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும் என்றார்கள், வரவில்லை. எனக்கோ அது தம்பிமார் கதை இரவுக்கு எழுதப்பட்டதுபோல் இருந்தது.

கருநாடக இசையில் மிருதங்கம் வாசிப்போர் 'சர்வலகு' என்று ஒரு சொல் வழங்குவர். கணக்குகளும் கோர்வைகளும் இன்றி, பாட்டின் நடையோடு ஒட்டி, காலத்தை ஒழுகவிட்டு வாசிப்பது அது. கேட்பவருக்கு அஃது எளிதாகத் தோன்றும். தனி ஆவர்த்தனத்தில் கைதட்டு வாங்குவது கணக்கு. பாடகர் நிம்மதியாகப் பாடுவது சர்வலகுவினால். பாலக்காடு மணி ஐயர் (1912-1981) கையை நிறுத்தி மௌனமாய் இருக்கும் இடங்களைக் கேட்டு வியந்தவர்கள் பலர்; அவர் நிறுத்தியபின் பாட்டு முன்னிலும் தெளிவாகக் கேட்கும் என்பர். எங்கள் பாறசாலையில் பிறந்த பொன்னம்மாள் (1924-2021) அவர்களின் பதறாத பாட்டைக் கேட்டவர்கள் காலத்தின்மேல் அமர்ந்து பாடுவது என்றால் என்ன என்பதை அறிவர். 2006இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதற்பெண் அவரே. அதுவரை அந்த மண்டபத்தில் பெண்கள் பாட இடம் இல்லை.

இவை எல்லாம் பழமைக்குத்தானே பொருந்தும், முழக்கமும் சினமும் நிறைந்த இக்கால இசைக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஆகவேதான் வேண்டுமென்றே மிகத் தொலைவான ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்: பங்க் ராக்.

இவ்விசை 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் எழுந்தது. மூன்று நான்கு சுரக்கட்டுகள், உரத்த கிதார், கத்திப் பாடும் பாட்டு; பெரும்பாலும் வேலையற்ற இளைஞரின் சினம். நியூயார்க்கில் 1974இல் தோன்றிய ரமோன்ஸ் என்ற குழு 1976இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. பதினான்கு பாட்டுகள், எல்லாம் சேர்ந்து அரை மணிக்குள் முடிந்துவிடும்! இக்குழுவின் முரசுக்காரர் டாமி ரமோன். அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டில் 1949இல் பிறந்தவர், 2014இல் மறைந்தார். முதலில் அவர் அக்குழுவை வழிநடத்தத்தான் வந்தார். முரசடித்துக்கொண்டிருந்த ஜோயி பாடகராகிவிட்டமையால் வேறு முரசுக்காரரைத் தேடினர். வந்தவர் யாரும் அவர்கள் நினைத்ததுபோல் அடிக்கவில்லை. ஆகவே கிதார்க்காரரான டாமியே முரசின்முன் அமர்ந்தார். அவர் அடித்தது என்ன? வலக்கையால் ஹை-ஹாட் என்னும் இரட்டைத் தாளத்தில் எட்டு எண்ணிக்கையும் இடைவிடாமல், காலால் பெருமுரசு, இடக்கையால் ஸ்நேர் என்னும் சிறுமுரசு. உருட்டு இல்லை, சுழற்று இல்லை. மின்னல் வேகத்திலும் ஒரே நடை.

நண்பர்களே, மேலே நான் கூறிய எட்டு எண்ணிக்கைத் தட்டைத் திரும்பப் பாருங்கள். 'தொம்' என்பதைக் காலுக்குக் கொடுங்கள். 'தக்' என்பதை இடக்கைக்குக் கொடுங்கள். வில்லின் மணியை வலக்கைக்குக் கொடுங்கள். ஒன்று, ஐந்து, ஆறு ஆகிய இடங்களில் கால், மூன்று, ஏழு ஆகிய இடங்களில் இடக்கை, எட்டிலும் வலக்கை. உலகெங்கும் ராக் முரசு பயில்வோர் முதற்பாடமாகக் கற்கும் தட்டுகளில் இதுவும் ஒன்று! ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றார் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது நம் ஆராய்ச்சியாளர் சிலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஆழ்ந்த ஒலி ஒன்று, வறண்ட ஒலி ஒன்று, இடைவிடாத சிற்றொலி ஒன்று ஆகிய மூன்றும் கையில் இருந்து, மேலே ஒருவர் சொல்லைப் பாட வேண்டும் என்றால், மனிதக் கை இந்த ஒழுங்குக்குத்தான் வந்து சேரும் போலும்.

இலண்டனில் கிளாஷ் என்ற குழு இருந்தது. அதில் 1977இல் டாப்பர் ஹெடன் முரசுக்காரராகச் சேர்ந்தார். அவர் எல்லா வகையும் அடிக்கத் தெரிந்தவர். தெரிந்தும் அடிக்காமல் இருந்ததுதான் அவரிடம் நாம் கற்க வேண்டியது. 1979இல் வந்த 'இலண்டன் காலிங்' இரட்டை இசைத்தட்டில், யமெய்க்கத் தீவின் ரெக்கே நடையில் அமைந்த பாட்டுகளைக் கேளுங்கள். ரெக்கேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு முறை உண்டு. பாப் மார்லியின் முரசுக்காரர் கார்ல்டன் பாரட் (1950-1987) அதில் வல்லவர். நான்கு எண்ணிக்கையில் நாம் வழக்கமாக ஓங்கி அடிக்கும் முதல் இடத்தை அதில் வெறுமையாக விட்டுவிடுவர். மூன்றாம் இடத்தில்தான் அடி இறங்கும். முதல் இடம் காலியாக இருப்பதால் கேட்பவனின் உடம்பு அந்த அடியைத் தானே போட்டுக்கொள்கிறது. அடிக்காத அடி அடித்ததைவிட வலிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

பங்க் இசையில் இவ்வடக்கம் ஏன் தேவைப்படுகிறது? கிதார் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி இருப்பார்கள். அது காதின் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும். பாடகர் பாடுவதில்லை, கத்துகிறார். முரசும் தன் பங்குக்கு எல்லா இடத்தையும் நிரப்பினால் சொல்லுக்கு எங்கே இடம்? சொல் போனால் சினம் போயிற்று, எஞ்சுவது இரைச்சல். சினத்தைச் சொல்ல வந்த பாட்டுக்கு, ஒப்பாரியைச் சொல்ல வந்த பாட்டைப் போலவே, காலடியில் உறுதியான தரை வேண்டும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. நம் விடுதி நண்பர்கள் நால்வர் சென்ற ஆண்டு இத்தகைய ஒரு குழு தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். அதில் முரசு என் பங்கு. விளவங்கோட்டு நண்பர் ஒருவர் தம் தந்தையைப் பற்றித் தமிழில் ஒரு பாட்டு எழுதினார். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகும் தந்தை. ஒத்திகையில் நான் என் குடப் பாடத்தை நினைந்து மிக மெல்ல அடித்தேன். பாட்டு படுத்துவிட்டது. "என்ன மக்கா, தூங்குறியா?" என்றார் நண்பர். அன்றுதான் எனக்கு இன்னொன்று விளங்கிற்று. அடக்கம் என்பது மெல்ல அடிப்பது அன்று, குறைவாக அடிப்பது. ஐந்து அடி என்றால் ஐந்தையும் முழு உரத்தோடு, ஐயமின்றி, ஒரு மயிரிழை முன்னும் பின்னும் போகாமல் அடிக்க வேண்டும். என் மாமா அடிக்கும் 'தொம்' அடுத்த விளை வரை கேட்குமே! அவர் என்றைக்கு மெல்ல அடித்தார்? மறுநாள் முதல் அவ்வாறே அடித்தேன். அந்தப் பாட்டு நின்றது.

குடத்தின் பெருமையைப் பேசும்போது நம் காலத்து மேடை வில்லிசையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருட்டிணனும், காந்தி மகான் கதை பாடிய கொத்தமங்கலம் சுப்புவும், 2021இல் பத்மசிறீ பெற்று 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகமும் இக்கலையைக் கோயில் முற்றத்திலிருந்து நாட்டு மேடைக்குக் கொண்டுசென்றனர். அதனால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் குடத்துக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. தோற்றத்துக்காக இருக்கிறது, அல்லது அதற்குத் தனி ஒலிவாங்கி வைத்து ஐந்து நிமிடம் வித்தை காட்டச் சொல்கிறார்கள். மணிக்கணக்கில் ஓடும் கதையில்தான் குடம் குடமாக இருக்கிறது. விடிய விடியக் கேட்பவர்கள் எங்கள் ஊரிலும் குறைந்துவிட்டார்கள். பதினொரு மணிக்கெல்லாம் பாதிப் பாய் காலியாகிறது.

எங்கள் குழுவில் நான் ஒருவன்தான் இளையவன். மற்றவர்கள் அறுபதைக் கடந்தவர்கள். அண்ணாவியின் பாட்டு ஏட்டைச் சென்ற விடுமுறையில் படியெடுக்க வாங்கினேன். பாட்டு தமிழ்; எழுத்து மலையாளம். அவர் காலத்தில் அந்தப் பள்ளிக்கூடம்தான் கிடைத்தது. நம் சங்கத்தில் மலையாள எழுத்து அறிந்தவர் பலர் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் விடுமுறைக்குள் அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துவிடலாம். இருநூறு பக்கத்துக்குமேல் வராது. விருப்பமுள்ளவர்கள் என் அறைக்கு வருக. கேள்வி கேட்ட நண்பர் முதலில் வருக. அவருக்கு எட்டு எண்ணிக்கையும் கற்றுத்தருகிறேன்.

வரும் பங்குனியில் கொடை. தம்பிமார் கதை பாடுவதாக அண்ணாவி சொல்லியிருக்கிறார். மாமாவுக்குக் கை நடுக்கம் கண்டிருக்கிறது. மட்டையைப் பிடித்தால் எட்டாம் இடத்தில் ஓர் அடி தானாக விழுந்துவிடுகிறதாம். "இனி நீதான் இருக்கணும்" என்று சொல்லிக் குடத்தை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அது திண்ணையில் பிரிமணைமேல் இருக்கிறது. எலி நுழையாதிருக்க அம்மா அதன் வாயில் ஒரு பழந்துணியைக் கட்டி வைத்திருக்கிறார்.